‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ போட்டாச்சு... காருக்குள் இருப்பவர்களுக்கும் சேர்த்தா?

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம் களைகட்டிவிடும். தாமரைக் குளம், அய்யனார் கோயில், பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள் என்று பார்க்க மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கார்களில் வருகிறார்கள். அங்கே கார் வைத்திருப்பவர்களிடம் ‘இன்ஷூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இருக்குண்ணே, ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று டக்கென்று பதில் வரும். ‘அதுல யார் யாருக்கு கவர் ஆகும்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

யோசிக்க வேண்டிய கேள்விதான் அது. ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம்.

வாங்கி இரண்டரை வருடமான 1,200 சிசி கார். ஓட்டுபவர்தான் உரிமையாளர். பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் அம்மாவும் இரண்டு அலுவலக நண்பர்களும். கீழக்குயில்குடியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வழியாகத் தேனி சாலைக்குத் திரும்பும்போது, வேகத்தைக் குறைக்காமல் வளைவில் திருப்பியதில் எதிரே வந்த பைக்கில் இடித்து, ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில் மோதி நிற்கிறது கார். பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. சுவர் சரிந்துவிட்டது. பின் சீட்டில் இருந்தவர்களுக்குப் பலத்த காயம். ஓட்டியவருக்கும் அடி. காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது.

விபத்து ஒன்றுதான். ஆனால், செலவுக் கணக்கு ஐந்து. இந்த ஐந்தில் எத்தனையை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்கும் என்பது, பிரீமியம் கட்டிய அன்று எதை டிக் அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

சட்டம் கட்டாயப்படுத்துவது யாருக்காக?

முதல் இரண்டு கணக்கு எளிது. பைக்கில் வந்தவரும், சுவருக்குச் சொந்தக்காரரும் ‘மூன்றாம் தரப்பு’. காப்பீடு எடுத்தவர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு, இவர்களால் பாதிக்கப்பட்ட வெளி ஆள் மூன்றாம் தரப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-வது பிரிவு கட்டாயம் என்று சொல்வது இந்த ‘தேர்ட் பார்ட்டி’ காப்பீட்டை மட்டும்தான். அது இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய்.

மூன்றாம் தரப்பு உயிரிழந்தாலோ காயமடைந்தாலோ, தீர்ப்பாயம் எவ்வளவு இழப்பீடு சொல்கிறதோ அதைக் கம்பெனி கொடுக்க வேண்டும், உச்சவரம்பு கிடையாது. சுவர், கடை, வேறொருவர் கார் போன்ற சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்க, 2019 திருத்தத்தில் வந்த 164-வது பிரிவு வழி செய்கிறது.

இதற்கான பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சிசி வரையுள்ள தனிநபர் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய்; 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய்; அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் தொகை ஒன்றுதான். ஆகவே, ‘எங்ககிட்ட தேர்ட் பார்ட்டி சீப்’ என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள்.

உதாரணத்துக்குத் திரும்பினால், தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தாலே பைக்காரர், சுவர் என இரண்டு கணக்கு தீர்ந்துவிடும். மிச்சம் மூன்று. அவை காருக்கும் காருக்குள் இருந்தவர்களுக்கும் உரியவை.

பின் சீட்டில் இருப்பவர் யார்?

காரில் லிஃப்ட் கேட்டு வந்த நண்பர், கூட வந்த அம்மா, மனைவி... இவர்களும் ‘மூன்றாம் தரப்பு’தானே என்று தோன்றும். நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்ட கேள்வி இது. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசிக்கு ‘ஆக்ட் பாலிசி’ என்று பெயர். அதாவது, சட்டம் கேட்பதை மட்டும் தருவது. தனிநபர் காரில் காசு கொடுக்காமல் பயணிப்பவர்களை அது காப்பதில்லை என்பதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரம்.

இதன் வலி ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வழக்கில் தெரிந்தது. காரில் சென்றவர் உயிரிழந்த விபத்தில், சுமார் 14.65 லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஈரோடு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் உத்தரவிட்டது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. ‘இது ஆக்ட் பாலிசி, காருக்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தாது’ என்பது அதன் வாதம். நீதிபதி எஸ்.வைத்தியநாதன் அந்த வாதத்தை ஏற்று, தீர்ப்பாயத்தின் உத்தரவை 2021 ஆகஸ்ட் 4 அன்று ரத்து செய்தார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. விற்கும்போது பாலிசியின் விவரத்தை வாங்குபவருக்கு யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. வாங்குபவரும் வண்டியின் செயல்திறனைப் பார்க்கும் அக்கறையில் பாலிசியைப் படிப்பதில்லை என்று வருத்தப்பட்டார். 2021 செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புது வண்டிக்கும் ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் ஆகியோரையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்றும் உத்தரவிட்டார். அதை நடைமுறைப்படுத்துவது கடினம் என்று காப்பீட்டுத் துறை முறையிட, செப்டம்பர் 13 அன்று அந்தக் கட்டாயத்தை நீதிமன்றம் திரும்பப் பெற்றது.

அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய ‘பம்பர் டு பம்பர் கட்டாயம்’ செய்தியை இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது இப்போது நடைமுறையில் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கான காப்பீடு இன்றும் வாங்குபவர் கையில்தான் இருக்கிறது.

தீர்வு என்ன? ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்று சொல்லப்படும் ‘பேக்கேஜ் பாலிசி’. தமிழ்நாட்டிலிருந்து போன நேஷனல் இன்ஷூரன்ஸ் - பாலகிருஷ்ணன் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. ஆக்ட் பாலிசி வேறு, பேக்கேஜ் பாலிசி வேறு; பேக்கேஜ் பாலிசியில் தனிநபர் காரில் பயணிப்பவர்களுக்கான பொறுப்பையும் கம்பெனி ஏற்க வேண்டும் என்றது. உங்கள் பாலிசியின் பொறுப்புப் பிரிவில் ‘ஆக்குபன்ட்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். காரில் பயணிப்பவர்களைக் குறிக்கும் சொல் அதுதான்.

இதற்கு மேல், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் உண்டு. ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று, வழக்கமாக 2 லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம். இதற்கான கூடுதல் பிரீமியம் சில நூறு ரூபாய்தான். கோர்ட், தீர்ப்பாயம் என்று அலையாமல் கிடைக்கும் தொகை என்பதால், வாரக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புபவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

ஓட்டுபவருக்கு என்ன?

தப்பு தன் மேல் இருந்தால், தன் காயத்துக்குத் தன் தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் இழப்பீடு கேட்க முடியாது. அதற்குத்தான் ‘ஓனர் டிரைவர்’ தனிநபர் விபத்துக் காப்பீடு. முன்பு காருக்கு 2 லட்சம், பைக்குக்கு 1 லட்சம் என்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2018 செப்டம்பரில் அதை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருந்தால், மறுபடி இதை எடுக்க வேண்டியதில்லை. இரண்டு கார் இருந்தாலும் ஒன்று போதும்.

இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பெயரிலேயே இருப்பதுபோல இது உரிமையாளருக்கு மட்டும்தான். ஆர்.சி. புக் அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினால், மகனுக்கு இது பொருந்தாது. இரவல் வாங்கி ஓட்டுபவரும் உரிமையாளரின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கப்படுவார், மூன்றாம் தரப்பாகக் கருதப்பட மாட்டார் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, வீட்டில் நான்கு பேர் ஓட்டும் காராக இருந்தால், ஒவ்வொருவரும் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பது நல்லது.

இரண்டாவது, இது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பில்லுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் தனியாக வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அவசரத்துக்கு அது கைகொடுக்கும். 48 மணி நேரத்துக்குப் பிறகான செலவையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காருக்கு எவ்வளவு கிடைக்கும்?

ஐந்தாவது கணக்கு, வண்டியின் சேதம். இதற்கு ‘ஓன் டேமேஜ்’ எனும் சொந்தச் சேதக் காப்பீடு வேண்டும். இதன் பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஒர்க்‌ஷாப் பில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 16,000, பானெட் முதலிய இரும்புப் பாகங்கள் 12,000, பெயின்ட் 8,000, வேலைக் கூலி 4,000. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குத் தேய்மானம் 50 சதவீதம். எனவே 8,000 கழியும். இரண்டு முதல் மூன்று வருடமான காரின் இரும்புப் பாகங்களுக்கு 15 சதவீதம், 1,800 கழியும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000 போகும். 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 1,000. மொத்தத்தில் 11,800 ரூபாய் உங்கள் கையிலிருந்து. கம்பெனி தருவது 28,200.

இந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுப்பதுதான் ‘ஜீரோ டெப்’. ஷோரூம்காரர்கள் ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்பதும் இதைத்தான். அது எடுத்திருந்தால் இதே பில்லுக்கு உங்கள் பங்கு 1,000 ரூபாய்தான். ஆனால் கவனியுங்கள்: பம்பர் டு பம்பர் என்றால் பாகங்களுக்கு முழுத் தொகை என்று அர்த்தம். உள்ளே இருக்கும் ஆட்களுக்கு முழுக் காப்பீடு என்று அர்த்தம் இல்லை. கார் பழசாகிவிட்டால் பல கம்பெனிகள் ஜீரோ டெப் தருவதில்லை. வருடத்துக்கு எத்தனை க்ளெய்ம் என்பதற்கும் வரம்பு வைக்கிறார்கள். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஐ.டி.வி. கார் திருட்டுப் போனாலோ, பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை இது. புது வண்டியின் விலையில் வயதுக்கேற்பக் கழிப்பார்கள்: முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், இரண்டு முதல் மூன்று வருடத்தில் 30 சதவீதம், நான்கு முதல் ஐந்து வருடத்தில் 50 சதவீதம். ஆன்லைனில் ஐ.டி.வி.யைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும். மலிவாகத் தெரியும் பல கொட்டேஷன்களின் ரகசியம் இதுதான். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் செல்லூர் உள்ளிட்ட மதுரைப் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் சேதமானால், சாதாரண பேக்கேஜ் பாலிசியில் அதைப் ‘பின்விளைவு’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அதற்கு ‘இன்ஜின் புரொடக்டர்’ தனியாக வேண்டும். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், நனைந்த காரை ஸ்டார்ட் செய்யாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புவதே பாதுகாப்பு.

‘மூணு வருஷத்துக்குப் போட்டாச்சே!’

புதுக் கார் வாங்கியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு, பைக்குகளுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. பலர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டியதால், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போனதே காரணம். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது அமலானது.

ஆனால், அந்த மூன்று ஆண்டும் தேர்ட் பார்ட்டிக்குத்தான். கூடவே தரும் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஷோரூமில் கொடுத்த தாளில் மூன்று வருடத் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், இரண்டாம் வருடம் சுவரில் இடித்த பிறகுதான் வண்டிக்குக் காப்பீடே இல்லை என்று தெரிந்துகொள்வார். பாலிசியில் இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டையும் போன் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சொந்தச் சேதக் காப்பீடு காலாவதியாகி 90 நாட்கள் தாண்டிவிட்டால், ‘நோ க்ளெய்ம் போனஸ்’ சலுகையும் போய்விடும். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி அது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் மட்டும் கழியும். இந்தச் சலுகை காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிது வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000, அடுத்த வருடத் தள்ளுபடி 35 சதவீதம் என்றால் 4,200 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாய் பில்லுக்கு க்ளெய்ம் போட்டால் கைக்கு வருவது 2,000 ரூபாய்; போவது 4,200.

காவலுக்கு எல்லை உண்டு

காப்பீடு என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மதுரை வட்டாரத்தில் ஒரு காலத்தில் இருந்த காவல் முறையில், ஊரார் காவல்காரர்களுக்கு ஆண்டுதோறும் தானியமாகவோ பணமாகவோ கூலி கொடுத்தார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். கீழக்குயில்குடியும் அந்தக் காவல் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். அந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. இன்றைய பாலிசிக்கும் எல்லை உண்டு. அதைத்தான் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற தலைப்பில் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள்.

செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும் சொந்தச் சேதத்துக்குக் காசு கிடைக்காது. ஓன் போர்டு காரை ‘பெட்ரோல் போட்டுக் கொஞ்சம் காசு குடுங்க’ என்று சுற்றுலாவுக்கு வாடகைக்கு விட்டாலும் அதே கதிதான். பழைய கார் வாங்கியவர், 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். சொந்தச் சேதப் பாதுகாப்பு அப்படி வராது.

யாருக்கு எது?

புதுக் கார், அதிலும் கடனில் வாங்கியது என்றால்: பேக்கேஜ் பாலிசி, ஜீரோ டெப், பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு. தண்ணீர் தேங்கும் தெருவில் வீடு என்றால் இன்ஜின் புரொடக்டரும்.

ஐந்து முதல் பத்து வருடக் கார்: ஜீரோ டெப் கிடைக்காவிட்டாலும் பேக்கேஜ் பாலிசியை விட வேண்டாம். வண்டியின் மதிப்பு குறைந்திருக்கலாம். அதில் ஏறும் ஆட்களுக்கான பாதுகாப்பு குறையக் கூடாது.

மிகப் பழைய கார், மதிப்பு மிகக் குறைவு: தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அப்படியானால் ஓனர் டிரைவர், பயணிகள் விபத்துக் காப்பீட்டைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

க்ளெய்மை மறுத்தால்?

விபத்து நடந்ததும் போட்டோ எடுங்கள். கம்பெனிக்கு உடனே சொல்லுங்கள். யாருக்காவது காயம் என்றால் காவல் துறைக்கும் தகவல் தர வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துவிட வேண்டாம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு. அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளம், அல்லது 155255 என்ற எண். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான இழப்பீட்டுப் புகார்களை அவர் விசாரிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

இவ்வளவும் எதற்கு என்று தோன்றினால், போனில் உள்ள பாலிசி பி.டி.எஃப்.-ஐ ஒருமுறை திறந்து நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள். தலைப்பில் ‘லயபிலிட்டி ஒன்லி’ என்று இருக்கிறதா, ‘பேக்கேஜ்’ என்று இருக்கிறதா? சொந்தச் சேதக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது? ஐ.டி.வி. எவ்வளவு? பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு என்ற இடத்துக்கு நேரே தொகை இருக்கிறதா, பூஜ்யம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்றால், அடுத்த முறை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.